இதில் எது கடைசிக் கோப்பு?

நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் இரவு. மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். கிள்ளானில் வீட்டில் படுக்கப் போகும் நேரத்தில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. இரவுப் பணியில் இருந்த தம்பிதான் பேசினார்.

“அண்ணே, செர்வர் படுத்திருச்சு. மீட்கிற வழிமுறையைத் தேடினா மூனு கோப்பு இருக்கு. ஒன்னு ‘இறுதி’, இன்னொன்னு ‘இறுதி புதியது’, மூனாவது ‘இதையே பயன்படுத்தவும்’. இதுல எது கடைசிண்ணே?”

எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான். எங்கள் குழுவின் மலாய் நண்பர். அவர் அந்நேரம் குடும்பத்தோடு கிளந்தானுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். குவா மூசாங் பக்கம் காட்டுவழியில் எங்கோ நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் எத்தனை முறை அழைத்தும் தொடர்பு கிடைக்கவில்லை.

எங்கள் குழு ஒன்பது பேர் கொண்டது. பெருநாளுக்கு நாங்கள் பணி பார்ப்போம், தீபாவளிக்கு அவர்கள் பார்ப்பார்கள், சீனப் புத்தாண்டுக்கு இரண்டு தரப்பும் சேர்ந்து பார்ப்போம். இந்நாட்டு அலுவலகங்களில் இது பழகிப்போன ஏற்பாடு. ஆனால் விடுமுறையை மாற்றிக்கொண்ட நாங்கள், தலைக்குள் இருந்த விவரத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அன்றிரவு ‘இறுதி புதியது’ என்ற கோப்பை நம்பி வேலையைத் தொடங்கினோம். அது சொன்ன காப்பு நகல் வட்டு சில மாதங்களுக்கு முன்பே கழற்றப்பட்டுவிட்டது. சரியான வழிமுறை யாரோ யாருக்கோ அனுப்பிய ஒரு மின்னஞ்சலின் இணைப்பில் கிடந்தது. அதைக் கண்டுபிடித்து முடிப்பதற்குள் நான்கு மணி நேரம் போய்விட்டது. சரக்கு லாரிகளின் வரவைப் பதியும் மென்பொருள் அது. கிடங்கு வாசலில் லாரி எண்களைக் கையால் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மறுவாரம் கூட்டத்தில் யாரும் யாரையும் திட்டவில்லை. மேலாளராக இருக்கும் அக்கா ஒரு கேள்விதான் கேட்டார். “செர்வர் கெட்டுப்போனது அரை மணி நேர வேலை. மீதி மூன்றரை மணி நேரம் எதுக்குப் போச்சு?”

பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோப்பைத் தேடப் போனது.

வேர்ட் மீது தப்பில்லை

வேர்ட் கெட்ட மென்பொருள் இல்லை. கடிதம், விண்ணப்பம், அழைப்பிதழ் போல ஒருமுறை எழுதி அச்செடுத்து முடிக்கும் வேலைக்கு அது நல்ல துணை. தொழில்நுட்பக் குழுவின் வழிமுறைக் குறிப்பு அப்படிப்பட்டதல்ல. செர்வரின் முகவரி மாறினால் அதுவும் மாற வேண்டும். ஒன்பது பேரும் அதில் கை வைப்பார்கள். ஒவ்வொருவரும் தம் மடிக்கணினியில் ஒரு நகல் எடுத்துத் திருத்தி, பெயரில் ‘புதியது’ என்று சேர்த்து, மின்னஞ்சலில் அனுப்பினால் ஒரே ஆண்டில் மூன்று ‘இறுதி’ கோப்புகள் பிறந்துவிடுகின்றன.

கூகள் டாக்ஸ் போன்ற இணையவழி ஆவணங்கள் இந்தச் சிக்கலில் ஒரு பாதியைத் தீர்க்கும். எல்லாரும் ஒரே கோப்பில் எழுதலாம், பழைய பதிப்பையும் பார்க்கலாம். ஆனால் மென்பொருள் ஓரிடத்திலும் அதைப் பற்றிய குறிப்பு வேறோர் இடத்திலும் இருக்கும். நிரலை மாற்றுபவர் குறிப்பையும் மாற்ற வேண்டும் என்ற நினைப்பே வராது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால்தான் அந்த நினைப்பு வரும். அதற்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது மார்க்டவுன் என்ற எளிய எழுத்து முறை.

புலனத்தில் நாம் ஏற்கெனவே செய்வது

பெயர் புதிதாக இருக்கலாம், பழக்கம் புதிதல்ல. புலனக் குழுவில் திருமண நேரத்தை அறிவிக்கும்போது ஒரு சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டால் அது தடித்த எழுத்தாக மாறுகிறது அல்லவா? அதுதான் குறியிடும் எழுத்து. 2016 முதல் வாட்ஸ்அப்பில் இந்த வசதி உண்டு.

மார்க்டவுனும் அதே வகைதான். வரியின் தொடக்கத்தில் # குறி போட்டால் தலைப்பு. இரண்டு # போட்டால் துணைத் தலைப்பு. சிறு கோடு போட்டால் பட்டியல். எண்ணும் புள்ளியும் போட்டால் வரிசைப்படி செய்ய வேண்டியவை. ஒரு வேறுபாடு உண்டு. புலனத்தில் ஒரு நட்சத்திரம் தடித்த எழுத்தைத் தரும். மார்க்டவுனில் அதற்கு இரண்டு நட்சத்திரம் வேண்டும்.

எங்கள் செர்வர் மீட்புக் குறிப்பைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

# செர்வர் மீட்பு
## தொடங்கும் முன்
- காப்பு நகலின் தேதியைப் பார்க்கவும்
- கிடங்கு மேற்பார்வையாளருக்குத் தகவல் சொல்லவும்
## செய்ய வேண்டியவை
1. சேவையை நிறுத்தவும்
2. காப்பு நகலை ஏற்றவும்
3. ஒரு லாரி எண்ணைத் தேடிச் சரிபார்த்த பிறகே சேவையைத் திறக்கவும்

இதைக் கணினி அழகான பக்கமாக மாற்றிக் காட்டும். மாற்றாவிட்டாலும் படித்துப் புரிந்துகொள்ளலாம் என்பதுதான் இதன் பலம். நோட்பேடில் திறந்தாலும், பழைய கைப்பேசியில் திறந்தாலும், எழுத்துகள் மட்டுமே தெரியும் கறுப்புத் திரையில் திறந்தாலும் செய்தி அப்படியே இருக்கும். நள்ளிரவில் செர்வர் படுத்துக் கிடக்கும்போது பல நேரம் நம் கையில் இருப்பது அந்தக் கறுப்புத் திரை மட்டுந்தான்.

எங்கிருந்து வந்தது?

‘மார்க் அப்’ என்பது அச்சகத்துச் சொல். எந்த வரி தலைப்பு, எந்தச் சொல் தடித்த எழுத்து என்று கையெழுத்துப் படியின் ஓரத்தில் ஆசிரியர் குறித்து அனுப்புவார். அச்சுக் கோர்ப்பவர் அதைப் பார்த்து எழுத்து அடுக்குவார். கணினி வந்தபோது அந்தக் குறிகள் கோப்புக்குள்ளேயே புகுந்துகொண்டன. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் அப்படி வந்த ஒன்று. ஆனால் அதில் குறிகள் கூடிப்போய், எழுதியதைப் படிப்பதே கடினம்.

அமெரிக்கரான ஜான் குரூபர் 2004-இல் மார்க்டவுனை வெளியிட்டார். அதன் வடிவத்தைத் தீர்மானிப்பதில் அவருக்குத் துணை நின்றவர் ஆரன் சுவார்ட்ஸ். அப்போது அவர் பதின்ம வயது இளைஞர். 2013-இல், தம் 26-ஆம் வயதில் சுவார்ட்ஸ் மறைந்தார். இருவரும் புதிய மொழி எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்நாளில் வெறும் எழுத்தாக மின்னஞ்சல் எழுதியவர்கள் அழுத்தம் கொடுக்க நட்சத்திரக் குறி போட்டார்கள், பட்டியலுக்குச் சிறு கோடு போட்டார்கள். அந்தப் பழக்கத்தையே விதியாக்கினார்கள்.

அடுத்த ஆண்டு, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ‘கிட்’ என்ற மென்பொருளைத் தந்தார். ஒரு கோப்பில் யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்று கணக்கு வைப்பதே அதன் வேலை. வேர்ட் கோப்பு உள்ளே சுருக்கிக் கட்டிய மூட்டை போன்றது. அதில் என்ன மாறியது என்பதைக் கிட்டால் வரி வரியாகக் காட்ட முடியாது. வெறும் எழுத்துக் கோப்பு என்றால் பழைய வரியையும் புதிய வரியையும் அடுத்தடுத்துக் காட்டிவிடும். 2008-இல் தொடங்கிய கிட்ஹப் தளம் இரண்டையும் இணைத்தது. உலகெங்கும் நிரலர்கள் மார்க்டவுனில் எழுத அதுவும் பெரிய காரணம்.

மார்க்டவுன் மட்டுமே வழி என்பதும் இல்லை. பைத்தான் மொழியின் அதிகாரப்பூர்வக் கையேடு முன்பு லேடெக் என்ற கடினமான முறையில் எழுதப்பட்டது. பிறகு அதை ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் என்ற மற்றோர் எளிய முறைக்கு மாற்றினார்கள். பல நூறு பக்கக் கையேடுகளுக்கு அது இன்னும் பொருத்தம். எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு மார்க்டவுன் போதும்.

“இதெல்லாம் ஐடி ஆட்களுக்குத்தானே?” என்று தோன்றினால் தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். 2003-இல் தொடங்கி, 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அதில் எழுதுவோருள் ஆசிரியர்களும் பணி ஓய்வு பெற்றவர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். தலைப்புக்கு இருபுறமும் சமக்குறி, தடித்த எழுத்துக்கு மூன்று மேற்கோள் குறி என்று அவர்கள் எழுதுவதும் இதே இனத்து எழுத்து முறைதான்.

எங்கள் முதல் தவறு

முடிவு எடுத்தவுடன் ஆர்வக்கோளாறில் ஒரு தவறு செய்தோம். பழைய ஆவணங்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று ஆளுக்குப் பத்து, பதினைந்து எனப் பிரித்துக்கொண்டோம். இரண்டு வாரத்தில் சோர்ந்துபோனோம். மாற்றியதில் பாதி, யாரும் தொடாத பழைய குப்பை. தவறான முகவரிகளைப் புதிய உடையில் அடுக்கி வைத்திருந்தோம்.

பிறகு அக்கா ஒரு விதி போட்டார். “யாருக்காவது வேலைக்குத் தேவைப்பட்டால் மட்டும் அந்த ஆவணத்தை மாற்றுங்க. மாற்றும்போது ஒவ்வொரு படியையும் செய்து பார்த்துட்டு எழுதுங்க.” அதன் பிறகு வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால் புது இடத்துக்கு வந்த ஒவ்வொரு குறிப்பும் யாரோ ஒருவர் கையால் செய்து பார்த்த குறிப்பாக இருந்தது. சில மாதங்களில், வராமல் தங்கிப்போன ஆவணங்களை யாரும் தேடவே இல்லை என்பதும் தெரிந்தது.

எதிர்ப்பும் இருந்தது. பத்தாண்டுக்கு மேல் வேர்டில் பழகிய சீன நண்பர் ஒருவர், “அட்டவணையை இதில் எப்படிப் போடுவது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மார்க்டவுனில் நான்கு நிரல் அட்டவணை வரைவதற்குள் பொறுமை போய்விடும். பெரிய அட்டவணைகளை எக்செலிலேயே விட்டுவிட்டு, குறிப்பில் அதற்கு ஓர் இணைப்பு மட்டும் கொடுத்தோம்.

வாடிக்கையாளர் வேர்டிலோ பிடிஎஃபிலோ ஆவணம் கேட்டால் என்ன செய்வது? அதற்குப் பாண்டாக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மார்க்டவுனை வேர்டாகவும் பிடிஎஃபாகவும் மாற்றித் தரும். 2006-இல் அதை எழுதியவர் ஜான் மெக்ஃபார்லேன், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். மார்க்டவுன் இடத்துக்கு இடம் சிறிது வேறுபட்டு நடந்துகொண்ட குழப்பத்தைத் தீர்க்க 2014-இல் காமன்மார்க் என்ற பொது விதிமுறை வந்தபோது அதை எழுதுவதில் முன்னின்றவரும் அவரே.

தமிழுக்கு இந்தப் பாடம் பழையது

எழுத்தையும் அதன் தோற்றத்தையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதை நம்மைப் போல் அனுபவித்தவர்கள் குறைவு.

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் ஒரு சங்கத்தின் செயலாளராக இருந்த பெரியவர் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். “தம்பி, சங்கத்தோட சட்டவிதியும் கூட்டக் குறிப்பும் இதுலதான் இருக்கு. திறந்தா ஏதோ கிறுக்கல் மாதிரி வருது” என்றார். திறந்து பார்த்தேன். ஆங்கில எழுத்துகளும் விசித்திரக் குறிகளும்தான் தெரிந்தன.

காரணம் பழைய எழுத்துருக்கள். அந்நாளில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்து ஏமாற்றினோம். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது ‘அம்மா’. இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல். ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு முறை. அழகாக அச்சானது. கோப்பு மட்டும் அநாதையானது.

இந்தச் சிக்கலோடு நீண்ட காலம் போராடியவர்களில் நம் நாட்டவரும் முன்வரிசையில் இருந்தார்கள். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறனை அறியாத தமிழ்க் கணினிப் பயனர் இங்கே குறைவு. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், வீட்டுக் கணினிகளில் அது பரவலாகப் பல ஆண்டுகள் பிடித்தன.

அதே காலத்தில் பிழைத்த எழுத்தும் உண்டு. 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கும் முயற்சி. உலகின் பல நாடுகளில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தட்டச்சு செய்தார்கள். தொடக்க நூல்கள் பழைய குறியீட்டில் இருந்தன. யூனிகோடு வந்ததும் அவற்றை மாற்றி வெளியிட்டார்கள். அலங்காரமில்லாத, ஒரே ஒழுங்கில் அமைந்த எழுத்து என்பதால் அந்த மாற்றம் சாத்தியமானது. அன்று தட்டச்சு செய்தவர்களின் உழைப்பு இன்று நம் கைப்பேசியில் திறக்கிறது.

பெரியவரின் பென் டிரைவிலும் எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்த பிறகு பெரும்பகுதி மீண்டது. அதை வேர்டில் ஏற்றித் தர மனம் வரவில்லை. யூனிகோடு எழுத்தில், # குறியிட்ட தலைப்புகளோடு, ஆண்டுக்கு ஒரு கோப்பாக வைத்துக் கொடுத்தேன். அடுத்த கூட்டக் குறிப்பை அவரே கைப்பேசியில் தட்டி அனுப்பினார். தலைப்புக்கு முன் # போட மறக்கவில்லை.

தொடங்குபவர்களுக்குச் சில குறிப்புகள்

சிறிதாகத் தொடங்குங்கள். உங்கள் குழுவில் அவசர நேரத்தில் தேவைப்படும் ஒரே ஒரு குறிப்பை முதலில் மாற்றுங்கள். அதை எழுதாத ஒருவரைக் கொண்டு அதன்படி செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் எழுத்து குறையாக இருக்கிறது.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். பக்கமாகக் காட்டும்போது வரிகள் சேர்ந்தே வரும். எது மாறியது என்று கிட்டில் பார்க்கும்போது மட்டும் அந்த ஒரு வாக்கியம் தனியாகத் தெரியும்.

கடவுச்சொல்லைக் குறிப்பில் எழுதவே கூடாது. கிட் எதையும் மறக்காது. இன்று அழித்தாலும் பழைய பதிப்பில் அது இருந்துகொண்டே இருக்கும்.

தமிழில் எழுதுவோருக்கு மூன்று விஷயங்கள். அழுத்தம் கொடுக்க அடிக்கோட்டுக் குறியைவிட நட்சத்திரமே நல்லது. நாம் சொல்லோடு உருபை ஒட்டி எழுதுகிறோம். சொல்லின் நடுவில் வரும் அடிக்கோட்டைக் காமன்மார்க் அழுத்தமாக எடுத்துக்கொள்ளாது. அடுத்து, கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் கிட் அதை எண் கூட்டமாகக் காட்டும். பயப்பட வேண்டாம். ‘கோர் கோட்பாத்’ என்ற ஓர் அமைப்பை அணைத்துவிட்டால் தமிழாகவே தெரியும். கடைசியாக, பாண்டாக் வழக்கமாகப் பிடிஎஃப் உருவாக்கும் வழியில் தமிழ் வராது. சீலேடெக்கையும் ஒரு தமிழ் எழுத்துருவையும் குறிப்பிட வேண்டும், அல்லது வேர்டாக மாற்றி அங்கிருந்து பிடிஎஃப் எடுக்கலாம்.

கருவியை மாற்றினால் எழுதும் பழக்கம் தானாக வந்துவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் குழுவில் அது வந்தது வேறொரு விதியால். வேலையை மாற்றியவர் குறிப்பையும் மாற்றினால்தான் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு. முதல் மாதம் முணுமுணுப்பு. பிறகு பழகிவிட்டது. ஒரு வரியைத் திருத்த ஒரு நிமிடம் போதும் என்றால் மனிதர்கள் திருத்துகிறார்கள். கோப்பைத் தேடி, திறந்து, வடிவம் சிதையாமல் சேமித்து, எட்டுப் பேருக்கு அனுப்ப வேண்டும் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு இரவுப் பணி பார்த்தவர் கிளந்தான் நண்பர். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, பெரியவர்களிடம் ஆசி வாங்கிய பிறகுதான் கைப்பேசியைப் பார்த்தேன். அலுவலகத்திலிருந்து அழைப்பு எதுவும் இல்லை. புலனக் குழுவில் அவருடைய வாழ்த்து மட்டும் இருந்தது.

ஏதோ தோன்றி, செர்வர் மீட்புக் குறிப்பின் மாற்றப் பட்டியலைத் திறந்தேன். அதிகாலை 2.10-க்கு அவர் பெயரில் ஒரு திருத்தம். செர்வர் மறுபடியும் படுத்திருக்கிறது. குறிப்பைப் பார்த்து அவரே எழுப்பியிருக்கிறார். மூன்றாம் படிக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்:

- இதற்குப் பத்து நிமிடம் ஆகும், அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம்.